மாப்பிள்ளைக்கும் அதே விதிதான்! - ஊட்டி கிளப் சுவரும் ஓர் ஆட்ட மேசையின் நியாயமும்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் உள்ளடங்கி ஒரு தேயிலை எஸ்டேட். எண்பதுகளின் கடைசியில் தாத்தா அங்கே ஹெட் கிளார்க். பொங்கல் லீவுக்கு மொத்தக் குடும்பமும் அந்த ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில்தான் கூடும். ஜனவரிக் குளிர் எப்படி இருக்கும் என்று நீலகிரிக்காரர்களிடம் கேட்டால் தெரியும். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். ராத்திரி எட்டு மணிக்கே ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு, நடு ஹாலில் ரம்மி ஆரம்பமாகிவிடும்.

இரண்டு பாய்கள். பெரியவர்கள் பாயில் பாயின்ட்டுக்கு பத்துப் பைசா. சின்னவர்கள் பாயில் இரண்டு பைசா. சின்னவர்கள் பாய் மட்டும் கரி அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கேதான் சிக்கல்.

பெரிய மாப்பிள்ளை, அதாவது என் பெரியம்மாவின் கணவர், நல்ல ஆட்டக்காரர். நாலு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்ததும், "ரொம்பக் குளிருது, நான் அந்தப் பக்கம் வர்றேன்" என்று எழுந்துவிடுவார். ஜெயித்த காசு வேட்டி மடிப்புக்குள் போய்விடும். எங்கள் பாயில் வந்து உட்காரும்போது அவர் முன்னால் இரண்டு ரூபாய்ச் சில்லறை மட்டும்தான் இருக்கும். எங்களிடம் ஜெயித்தால் முழுக் கணக்கையும் வாங்கிக்கொள்வார். தோற்றால், "இவ்ளோதாண்டா இருக்கு" என்று கையை விரிப்பார். அந்தப் பக்கம் தோற்றுப்போன என் அப்பாவும் சித்தப்பாவும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாப்பிள்ளையை யார் கேட்பது?

பாட்டி கேட்டாள். பாட்டிக்கு ரம்மி ஆடத் தெரியாது. ஆனால் டீயும் வர்க்கியும் கொண்டுவந்து வைக்கும்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்றாவது நாள் ராத்திரி என் பள்ளிக்கூடச் சிலேட்டை எடுத்து என்னையே எழுதச் சொன்னாள். பாய் மாறுகிறவர் பெயரைச் சிலேட்டில் எழுத வேண்டும். முதலில் எழுதியவர் முதலில் மாறலாம். மாறும்போது கையிலிருக்கும் மொத்தக் காசையும் கொண்டுபோய் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி முன்னால் வைக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. சிலேட்டை சுவர் ஆணியில் மாட்டினாள்.

அன்றைக்கும் பெரியப்பா எழுந்தார். பாட்டி அடுக்களை வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்: "போங்க மாப்ளே. ஆனா அந்த மடியில இருக்கறதையும் எடுத்து முன்னாடி வெச்சிடுங்க."

ஹால் முழுக்க அமைதி. "என்ன அத்தே, நமக்குள்ள போய் இதெல்லாம்..." என்று பெரியப்பா சிரித்தார்.

"நமக்குள்ளங்கறதாலதான் சொல்றேன். மாப்பிள்ளை மரியாதை பந்தியில. பாய்ல எல்லாரும் ஒண்ணுதான்."

பெரியப்பா காசை எடுத்து வைத்தார். முகம் மட்டும் இரண்டு நாள் சரியாக இல்லை.

உலகம் முழுக்க கேசினோக்களின் போக்கர் அறைகளில் அச்சடித்து வைத்திருக்கும் விதியையும் அதை அமல்படுத்துகிறவர்கள் படும் பாட்டையும், கேசினோ என்ற வார்த்தையைக்கூடக் கேட்டிராத பாட்டி அன்றைக்கே கண்டுபிடித்திருக்கிறாள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த எஸ்டேட்டிலிருந்து சில மைல் தூரத்தில், நூறு வருடங்களுக்கு முன்பே இன்னொரு சுவரில் ஆட்ட விதிகள் மாட்டப்பட்ட கதை அதைவிட சுவாரஸ்யம்.

ஊட்டியில் மாட்டிய விதிகள்

ஊட்டி கிளப்பை வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் தூண்கள், முன்னால் பச்சைப் புல்வெளி. சர் வில்லியம் ரம்போல்ட் என்பவர் 1830-களின் தொடக்கத்தில் கட்டிய கட்டடம். 1840-களில் அது கிளப் ஆனது. உறுப்பினராகவோ, உறுப்பினரின் விருந்தினராகவோ இருந்தால்தான் உள்ளே போகலாம். நான் இரண்டுமில்லை என்பதால் கேட்டோடு சரி. ஆனால் உள்ளே இருக்கும் பில்லியர்ட்ஸ் அறைக்கு உலக விளையாட்டு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. இன்று கோடிக்கணக்கான பேர் டி.வி-யில் பார்க்கும் ஸ்னூக்கரின் விதிகள் முதன்முதலாக எழுதி மாட்டப்பட்டது அங்கேதான். வருடம் 1882.

கதை தொடங்குவது ஜபல்பூரில். 1875, மழைக்காலம். டெவன்ஷைர் ரெஜிமென்ட்டின் அதிகாரிகள் மெஸ்ஸில் அடைந்து கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நெவில் சேம்பர்லெய்ன். வயது 19. (பின்னாளில் ஹிட்லரிடம் ஏமாந்த பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லெய்ன் வேறு ஆள்.) அப்போது பில்லியர்ட்ஸ் மேசையில் ஆடப்பட்ட ஆட்டங்கள் பெரும்பாலும் பந்தய ஆட்டங்கள்தான். 'லைஃப் பூல்' என்று ஒன்று. ஆளுக்கு ஒரு நிறப் பந்து, மூன்று உயிர். எல்லோரும் பணம் போட்டு ஒரு பொதுத் தொகை சேர்ப்பார்கள். உங்கள் பந்தை அடுத்தவர் குழியில் தள்ளினால் ஓர் உயிர் போகும், கூடவே காசும் போகும். 'பிரமிட்ஸ்' என்று இன்னொன்று. அதில் 15 சிவப்புப் பந்துகள். விழும் ஒவ்வொன்றுக்கும் காசு. 'பிளாக் பூல்' என்ற வகையில் கறுப்புப் பந்தைப் போட்டுவிட்டால் மற்ற எல்லோரும் கூடுதலாகக் கப்பம் கட்ட வேண்டும்.

சேம்பர்லெய்ன் இவற்றையெல்லாம் கலந்தார். 15 சிவப்பு, ஒரு கறுப்பு, அவற்றோடு மஞ்சள், பச்சை, பிங்க். நீலமும் பிரவுனும் பின்னால் சேர்ந்தவை. ஒரு நாள் மெஸ்ஸுக்கு வந்திருந்த பீரங்கிப் படை அதிகாரி ஒருவர், தான் படித்த உல்விச் ராணுவ அகாடமியில் முதல் வருட மாணவர்களை 'ஸ்னூக்கர்' என்று கேலியாகக் கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஒன்றும் தெரியாத கத்துக்குட்டி என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் ஒருவர் சுலபமான பந்தைத் தவறவிட, "நீ சரியான ஸ்னூக்கர்" என்றாராம் சேம்பர்லெய்ன். சொன்ன கையோடு, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தான் என்று சமாளிக்கவும் செய்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆட்டம் பிறந்தது ஜபல்பூரில். பிறகு ஏன் ஊட்டி?

சேம்பர்லெய்ன் ஆப்கன் போரில் காயம்பட்டவர். அந்தப் போரில் புகழ்பெற்ற ஜெனரல் ராபர்ட்ஸ், 1881-ல் மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக வந்தார். சேம்பர்லெய்ன் அவருடைய அலுவலர்களில் ஒருவர். அப்போது சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகர் ஊட்டி. வெயில் ஏறினால் கவர்னர், செயலாளர்கள், தளபதி என்று அரசாங்கமே மலையேறிவிடும். பல ரெஜிமென்ட்களின் அதிகாரிகள், கலெக்டர்கள், தோட்டத் துரைமார்கள் எல்லோரும் ஒரே கிளப்பில், ஒரே மேசையைச் சுற்றி நிற்பார்கள்.

விதியைச் சுவரில் மாட்டும் தேவை அங்கேதான் வந்தது என்பது என் ஊகம். ஒரே மெஸ்ஸில் ஆடும் பத்துப் பேருக்கு எழுதிய விதி வேண்டாம், பழக்கமே போதும். ஆனால் ஜபல்பூரில் ஆடிப் பழகியவரும் பெங்களூரில் ஆடிப் பழகியவரும் ஒரே மேசைக்கு வந்து, காசும் வைத்து ஆடினால்? "எங்க ஊர்ல இப்படித்தான்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். நம் வீடுகளிலும் இது நடப்பதுதானே! மதுரைச் சம்பந்தி வீட்டில் முதல் ஸ்கூட்டுக்கு ஒரு கணக்கு, கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கு. ஆட்டம் தொடங்கும் முன் பேசிக்கொள்ளாவிட்டால் கல்யாண மண்டபத்திலேயே சண்டைதான்.

அந்த விதிகளோடு ஸ்னூக்கர் ஊட்டி கிளப்பின் சிறப்பு ஆட்டமாகவே ஆகிவிட்டது. மலைக்கு வந்துபோனவர்கள் மூலம் மற்ற கிளப்புகளுக்கும் பரவியது. 1885-ல் இந்தியா வந்த பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ், கல்கத்தாவில் கூச் பெஹார் மகாராஜாவுடனான விருந்தில் சேம்பர்லெய்னைச் சந்தித்து விதிகளைக் கேட்டுக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார் என்று சொல்லப்படுகிறது. 1927-ல் பர்மிங்ஹாமில் முதல் உலகத் தொழில்முறை சாம்பியன்ஷிப்பை ஜோ டேவிஸ் வென்றபோது அவருக்குக் கிடைத்த பரிசு 6 பவுண்டு 10 ஷில்லிங்.

இவ்வளவு பரவிய பிறகு, கண்டுபிடித்தது யார் என்ற சர்ச்சை கிளம்பாமல் இருக்குமா? 1938-ல், 82 வயதில், சேம்பர்லெய்னே 'தி ஃபீல்ட்' பத்திரிகைக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எண்பதுகளில் ஊட்டியில் ஆடிய பழைய அதிகாரிகள் சாட்சிக்கு வந்தார்கள். எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்ஸி அடுத்த வருடம் அதை விரிவாக எழுதி முடித்துவைத்தார்.

மார்க்கர் என்கிற மனிதர்

இந்தக் கதையில் சேம்பர்லெய்ன் பெயர் எல்லோருக்கும் தெரியும். யாரும் பெயர் சொல்லாத ஒருவர் உண்டு. அவர் மார்க்கர்.

கிளப்பில் பில்லியர்ட்ஸ் ஆடியவர்களுக்கு இந்த வார்த்தை தெரிந்திருக்கும். மேசையைத் துடைத்து, பந்துகளை அடுக்கி, ஸ்கோர் போர்டில் புள்ளிகளை நகர்த்துபவர். எட்டாத பந்துக்கு ரெஸ்ட் எடுத்துக் கொடுப்பார். ஆளில்லாவிட்டால் கூடவே ஆடவும் செய்வார். பிரிட்டிஷ் காலத்தில் பல கிளப்புகளில் அந்த வேலையில் இருந்தவர்கள் இந்தியர்கள். மேசையில் ஆடும் மேஜரையும் கலெக்டரையும் பார்த்து, "ஃபவுல், சார்" என்று சொல்ல வேண்டியது அவர்கள் வேலை.

யோசித்துப் பாருங்கள். அந்த கிளப்பில் உறுப்பினராக ஓர் இந்தியர் நுழைய முடியாத காலம். ஆட்டக்காரர் நினைத்தால் மறுநாள் மார்க்கருக்கு வேலை இருக்காது. அவருக்குத் துணையாக இருந்தது சுவரில் மாட்டிய அந்தக் காகிதம் மட்டும்தான். "நான் சொல்லலீங்க, அதுல எழுதியிருக்கு" என்று கை காட்டலாம். எழுதிய விதி ஆட்டக்காரர்களுக்குள் சண்டை வராமல் இருக்க மட்டுமல்ல. அதிகாரம் இல்லாத ஒருவர், அதிகாரம் உள்ளவரிடம் விதியைச் சொல்வதற்கும் அதுதான் பிடிமானம். பாட்டி ஏன் விதியை வாயால் சொல்லாமல் சிலேட்டில் எழுதச் சொன்னாள் என்று இப்போது புரிகிறது. மாப்பிள்ளையிடம் மாமியார் நேராகக் கேட்க முடியாத காலம் அது. சிலேட்டு கேட்கலாம்.

அதற்காக ஊட்டி கிளப்பை ஏதோ சமத்துவபுரம் என்று நினைத்துவிட வேண்டாம். மேசையைச் சுற்றி எல்லோருக்கும் ஒரே விதி. அந்த மேசைக்கு வருகிற வாசலில் வேறு விதி. தங்கள் மேய்ச்சல் நிலங்கள் கைவிட்டுப் போவதைத் தோடர்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே மலையில்தான், பந்துக்கு எத்தனை புள்ளி என்பதை இவ்வளவு அக்கறையாக எழுதி வைத்தார்கள்.

போக்கர் அறையில் நடப்பது என்ன?

இப்போது கோவாவுக்குப் போவோம். தமிழ்நாட்டில் கேசினோவுக்கு இடமில்லை. இந்தியாவில் கோவா, சிக்கிம் போன்ற சில இடங்களில்தான் சட்டப்படி கேசினோ உண்டு. பனாஜியில் மாண்டோவி ஆற்றில் மின்விளக்குகளோடு மிதக்கும் கப்பல்களை டூர் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

கேசினோவில் மற்ற ஆட்டங்களில் உங்கள் எதிராளி கேசினோ. போக்கரில் அப்படியில்லை. ஒன்பது பேர் வரை உட்கார்ந்து ஒருவர் பணத்தை ஒருவர் ஜெயிக்கிறார்கள். கேசினோ 'ரேக்' என்று ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே எந்த மேசையில் உட்காருகிறீர்கள், யார் பக்கத்தில் உட்காருகிறீர்கள் என்பதே பாதி ஆட்டம். லீவுக்கு வந்து, இரண்டு கிளாஸ் உள்ளே போன உற்சாகத்தில் பணத்தை இறைக்கும் ஒருவர் மூன்றாம் எண் மேசையில் இருந்தால், மற்ற மேசைகளில் உள்ள பழம் தின்று கொட்டை போட்டவர்களின் கண்ணெல்லாம் அங்கேதான். அதிலும் அவருக்கு இடது பக்க நாற்காலி என்றால் தங்கம். ஆட்டம் கடிகாரச் சுற்றில் போவதால், அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம்.

எல்லோரும் ஃப்ளோர் மேனேஜரிடம் போய் மேசை மாற்றக் கேட்பார்கள். இங்கே அவர்தான் மார்க்கர்.

விதி எளிமையானது. மாற்றம் கேட்டவர்களின் பெயர் வரிசையாகப் பட்டியலில் ஏறும். இடம் காலியானால் முதலில் உள்ளவருக்கு. மாறும்போது மேசையில் உள்ள மொத்த சிப்ஸையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கொஞ்சத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள முடியாது. காசாக்கிக்கொண்டு வெளியே போய்விட்டு, கொஞ்ச நேரத்தில் சின்னத் தொகையோடு திரும்பி வரவும் முடியாது. குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பினால், எடுத்துப்போன தொகையோடுதான் உட்கார வேண்டும். அந்த நேரம் எவ்வளவு என்பது அறைக்கு அறை மாறும். பெரியப்பாவின் வேட்டி மடிப்பு இங்கே செல்லாது!

இதற்குக் காரணம் உண்டு. மேசையில் இருக்கும் பணத்துக்கு மேல் யாரும் தோற்க முடியாது என்பது போக்கரின் அடிப்படை. அப்படியிருக்க, உங்கள் பணத்தை ஜெயித்தவர் அதை ஒளித்து வைத்துவிட்டால், அதைத் திரும்ப ஜெயிக்கும் வாய்ப்பை உங்களிடமிருந்து பறித்துவிடுகிறார். எழுந்து வீட்டுக்குப் போகலாம். அது அவர் உரிமை. ஆடிக்கொண்டே ஒளிக்கக் கூடாது.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஒவ்வொரு கையிலும் இருவர் கட்டாயமாகப் பணம் போட்டாக வேண்டும். அதற்கு 'பிளைண்ட்' என்று பெயர். அந்த முறை வட்டமாகச் சுற்றிவரும். தன் முறை வரப்போகும் நேரம் பார்த்து மேசை மாறினால், கப்பம் கட்டாமல் ஊர் சுற்றலாம் அல்லவா? அதனால்தான் புது மேசைக்கு வருகிறவர் அங்கே தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது அந்தத் தொகையைப் போட்டுவிட்டு ஆட வேண்டும் என்று பல அறைகளில் வைத்திருக்கிறார்கள்.

'மஸ்ட் மூவ்' என்று ஒரு முறை உண்டு. கூட்டம் அதிகமானால் இரண்டாவது மேசை போடுவார்கள். முதல் மேசையில் இடம் காலியானதும், இரண்டாவது மேசையில் முதலில் வந்து உட்கார்ந்தவர் கட்டாயம் அங்கே போக வேண்டும். எனக்கு இந்த மேசை ராசியாக இருக்கிறது, இங்கேயே இருக்கிறேன் என்று சொல்ல முடியாது. கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்யாவிட்டால், ஒரு மேசையில் நாலு பேர் மட்டும் மிஞ்சி ஆட்டம் படுத்துவிடும். சிப்ஸ் குவிந்திருக்கும் மேசையை மட்டும் எல்லோரும் மொய்ப்பார்கள்.

போட்டிகளில் இது இன்னும் கறார். அங்கே ஒரு மேசையில் ஆள் குறைந்தால் வேறு மேசையிலிருந்து ஒருவரை மாற்றுவது நடத்துகிறவர் பொறுப்பு. யாரை மாற்றுவது? அடுத்ததாகப் பெரிய பிளைண்ட் போட வேண்டியவரை. அது அவரவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. மேனேஜர் ஆள் பார்த்து எடுப்பதற்கு இடமே இல்லை. மேசையே கலைக்கப்பட்டால் புது இடம் குலுக்கலில். போக்கர் போட்டி நடத்துகிறவர்கள் 2001-ல் ஒரு சங்கம் ஆரம்பித்து, ஊருக்கு ஊர் மாறிக்கிடந்த விதிகளைப் பொதுவாக எழுதினார்கள். ஊட்டியில் 1882-ல் இருந்த அதே தேவை. அவர்களின் முதல் விதியே, ஆட்டத்தின் நலனும் நியாயமும்தான் முடிவெடுப்பதில் முதலிடம் பெற வேண்டும் என்பது. அதாவது, எழுதிய விதியை அப்படியே வைத்தால் அநியாயமாகிவிடும் அபூர்வமான நேரத்தில், மேனேஜர் தன் புத்தியைப் பயன்படுத்தலாம்.

அந்த 'புத்தியைப் பயன்படுத்தலாம்' என்ற இடத்தில்தான் ஓட்டை. மாதம் தவறாமல் வந்து லட்சக்கணக்கில் ஆடும் வாடிக்கையாளர், பட்டியலில் தனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது, "என்னை மட்டும் அங்கே போடு" என்கிறார். கையில் டிப்ஸ் வேறு. அந்த மூன்று பேரில் ஒருவர் வாழ்க்கையில் முதல்முறை வந்தவர். அவருக்குப் பட்டியல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இங்கே மேனேஜர் வளைந்தால் யாரும் உடனே சண்டை போடப்போவதில்லை. ஆனால் அடுத்த முறை அவர் விதி பேசும்போது யாரும் கேட்கவும் போவதில்லை.

சலுகையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து ஆள் குடித்துவிட்டுத் தொல்லை கொடுக்கிறார் என்று ஒரு பெண் மேசை மாற்றக் கேட்டால், வரிசையில் நில்லுங்கள் என்பது நியாயமா? எங்கள் பாய் விவகாரத்திலும் அப்படி ஒரு நாள் வந்தது. சித்தி அப்போது ஏழு மாதம். சிலேட்டில் அவளுக்கு முன்னால் இரண்டு பெயர். பாட்டி சத்தமாகவே கேட்டாள்: "அவளுக்குக் குளிருது. முன்னாடி விடலாமா? யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" பெரியப்பாவைப் பார்த்தும் கேட்டாள். அவரே எழுந்து சித்திக்குப் போர்வை எடுத்துப் போட்டார். ஒருவர் காதில் மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால் அதே சலுகை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

சுவர் இல்லாத மேசை

சூதாட்டமா, திறமையா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குப் பழசு. ரம்மியில் விழுந்த சீட்டை நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டியிருப்பதால் அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று சீட்டு அப்படியல்ல என்றும் சொன்னது. 1996-ல் தமிழ்நாடு தொடர்பான வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று தீர்ப்பு வந்தது. ஏப்ரல் 14-ஐ ஒட்டி சீஸன் தொடங்கினால் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே குதிரைகளைப் பார்க்கலாம் என்றிருந்த அந்த ரேஸ் கோர்ஸ் நிலத்தை, குத்தகைப் பாக்கிக்காக 2024-ல் அரசு எடுத்துக்கொண்டது தனிக்கதை.

செல்போனில் ரம்மியும் போக்கரும் வந்த பிறகுதான் விஷயம் வீட்டுக்குள் நுழைந்தது. கடன், தற்கொலை என்று செய்திகள் வந்தபடி இருந்தன. நீதிபதி சந்துரு தலைமையிலான குழு அறிக்கை தந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. சட்டத்தை ஏற்ற சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலில் வைத்தது செல்லாது என்று 2023 நவம்பரில் சொன்னது. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசின் சட்டம் வந்து, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே மொத்தமாகத் தடை செய்தது.

இந்த விவாதங்களில் பெரும்பாலும் பணம்தான் பேசப்பட்டது. எனக்கு உறுத்திய விஷயம் வேறு. செல்போன் ஆட்டத்தில் உங்களை எந்த மேசையில் உட்கார வைப்பது என்று முடிவெடுத்தது யார்? எதிரில் வந்து உட்கார்ந்தவர் எந்த மேசையிலிருந்து, எவ்வளவு ஜெயித்துவிட்டு வந்தார்? உங்களுக்கு முன்னால் பட்டியலில் யார் இருந்தார்கள்? எதுவும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. திரையில் ஒரு வட்டம் சுற்றும், மேசை வந்துவிடும். விதிகள் இருக்கும், நாற்பது பக்கத்துக்கு. 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டிவிட்டுப் போயிருப்போம். தகராறு என்றால் கை காட்டக் கேட்க ஒரு மார்க்கர் கிடையாது. ஜெயிப்பவர் மடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அடுக்களை வாசலில் பாட்டியும் கிடையாது.

ஸ்னூக்கரில் இன்றும் ஒரு பழக்கம் உண்டு. நடுவர் கவனிக்காத ஃபவுலை ஆடுகிறவரே சொல்லிவிடுவார். உலக சாம்பியன்ஷிப்பிலும் சொல்வார்கள், லட்சக்கணக்கான பவுண்டு பரிசு காத்திருக்கும்போதும். காசு வைத்து ஆடிய மெஸ் அறையில் பிறந்த ஆட்டத்துக்கு இப்படி ஒரு குணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஒரு காலத்தில் நம்மவர்கள் மார்க்கராக மட்டுமே நிற்க முடிந்த அந்த மேசையில், 2025 நவம்பரில் தோஹாவில் ஐ.பி.எஸ்.எஃப் உலக ஸ்னூக்கர் பெண்கள் பட்டத்தை வென்றவர் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன்.

எஸ்டேட் குவார்ட்டர்ஸ் இப்போது வேறு யாருக்கோ. பாட்டி இல்லை. பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன பொங்கலுக்குக் கோயம்புத்தூரில் அவர் வீட்டில் கூடினோம். பேரப் பிள்ளைகள் டைனிங் டேபிளில் ஒரு செட், தரையில் ஒரு செட் என்று ரம்மி ஆடினார்கள். அறுபது ரூபாய் ஜெயித்த பேரன் பத்து ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே வந்து உட்கார்ந்தான். ஈஸி சேரில் கண்ணை மூடியிருந்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"டேய், மீதி அம்பது எங்கடா? எடுத்து முன்னாடி வை" என்றார்.

வைத்தான். அரை மணி நேரத்தில் அறுபதையும் தன் தங்கையிடம் தோற்றான்.